அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குச் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் எழுதுபவர்களுக்குக் குறைவில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், கவிதைத் தொகுப்பு, ஓய்வுபெற்ற அதிபரின் நினைவுக் குறிப்புகள், இறந்தவரின் அந்தியேட்டியன்று கொடுக்கும் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர் என்று ஏதோ ஒன்று அச்சேறிக்கொண்டே இருக்கிறது. அச்சு வேலை முடிந்த கையோடு வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரொறொன்ரோவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை எப்படித் தம்பி அனுப்புவது?" கடல் கடந்து ஒரு புத்தகத்தை அனுப்பும் தபால் செலவைக் கேட்டால் அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். ஆகவே மின்னூல்.

நான் கொக்குவிலில் இருந்து பக்க வடிவமைப்புச் செய்பவன். அச்சுக்கும் செய்கிறேன், மின்னூலுக்கும் செய்கிறேன். ஒரு கோப்பு கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அத்தியாயப் பிரிப்பை. எழுத்துப் பிழைகளைப் பிறகும் திருத்தலாம். பிரிப்பு சரியில்லாத கோப்பில் இருந்து செய்த மின்னூலோ, எவ்வளவு அழகான அட்டை போட்டாலும், வாசகரைப் பாதி வழியில் விட்டுவிடும். விலை கொடுத்து மென்பொருள் வாங்காமல், வழக்கமாகத் தட்டச்சு செய்யும் மென்பொருளிலேயே இதைச் சரியாகச் செய்யலாம். செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

பெரிய எழுத்து தலைப்பு ஆகாது

என்னிடம் வரும் கோப்புகளில் அத்தியாயத் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: தலைப்பைத் தெரிவு செய்து, எழுத்தின் அளவைக் கூட்டி, தடிப்பாக்கி, நடுவில் நிறுத்தியிருப்பார்கள். புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக அதற்கு மேலே என்டர் விசையைத் தட்டிக்கொண்டே போயிருப்பார்கள். தாளில் அச்சிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனிதக் கண் பார்த்தவுடன் "இது புதிய அத்தியாயம்" என்று புரிந்துகொள்ளும்.

மின்னூலைத் திறக்கும் செயலி அப்படிப் புரிந்துகொள்ளாது. அளவு கூடிய, தடித்த, நடுவில் நிற்கும் அந்த வரி அதற்கு இன்னொரு பத்தி மட்டுமே. என்டர் தட்டி உண்டாக்கிய வெற்று வரிகளும் அதற்கு வெற்றுப் பத்திகள்தான். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த வெற்று வரிகள் எங்கெங்கோ நகரும், தலைப்பு திரையின் அடியில் தனியாகத் தொங்கும், உள்ளடக்கம் அடுத்த திரைக்குப் போய்விடும்.

ஈபப் எனப்படும் மின்னூல் கோப்பின் உள்ளே இருப்பவை சிறுசிறு இணையப் பக்கங்கள். அவற்றை ஒரே ஸிப் பொதியாகக் கட்டியிருக்கிறார்கள். எங்கே ஒரு பக்கத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குவது, பொருளடக்கத்தில் எதை எழுதுவது என்பதையெல்லாம் மாற்றும் மென்பொருள் தலைப்புக் குறிகளை வைத்தே முடிவு செய்கிறது. அந்தக் குறியை நீங்கள் இடாவிட்டால் முழுப் புத்தகமும் ஒரே நீள ஓட்டமாக வந்து சேரும்.

இதனால் யாருக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்குக் கந்தபுராணத்தைக் காட்டுவேன். எங்கள் கோயில்களில் புராணப் படிப்பு இன்றும் நடக்கிறது. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொல்வார். அன்றன்றைக்கு உரிய படலத்தைப் புத்தகத்தில் உடனே எடுத்தாக வேண்டும். கந்தபுராணம் ஆறு காண்டங்கள் கொண்டது, ஒவ்வொரு காண்டத்துக்குள்ளும் பல படலங்கள். இதைப் பொருளடக்கம் இல்லாத மின்னூலாகக் கொடுத்துவிட்டு, "சூரபன்மன் வதைப் படலத்தை எடுங்கள்" என்றால் அந்தப் பெரியவர் கைப்பேசித் திரையை எவ்வளவு நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருப்பார்? காண்டத்தைத் தொட்டால் படலங்கள் விரிய வேண்டும், படலத்தைத் தொட்டால் பாட்டு வர வேண்டும். மின்னூலிடம் நாம் கேட்கக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அது.

பார்வையற்ற வாசகர்களுக்கு இது இன்னும் முக்கியம். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பயன்படுத்துபவர் ஒரு தலைப்பில் இருந்து அடுத்த தலைப்புக்குத் தாவித் தாவியே தனக்கு வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பார். கணினியில் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருளான என்விடிஏவில் ஒரே ஒரு விசை போதும், அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். ஆனால் அது தேடுவது தலைப்புக் குறியைத்தான். வெறுமனே தடித்த எழுத்தாக இருந்தால் அது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

கணினியைத் தொடுவதற்கு முன்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்கள் புத்தகத்தின் பிரிவுகளை எழுதுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் நேரே கணினியில் குந்துபவர்கள் பிறகு எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்ய நேரிடும்.

கேள்வி ஒன்றுதான்: எதற்குள் எது அடங்குகிறது? கந்தபுராணத்தில் காண்டம் முதல் நிலை, படலம் இரண்டாம் நிலை. தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல்கள். அதிகாரம் முதல் நிலை, இயல் இரண்டாம் நிலை. ஒரு நாவலில் பாகங்கள் இல்லையென்றால் அத்தியாயமே முதல் நிலை. பாகங்கள் இருந்தால் பாகம் முதல் நிலை, அத்தியாயம் இரண்டாம் நிலை. அத்தியாயத்துக்குள் உபதலைப்பு வருமானால் அது அதற்கு அடுத்த நிலை. ஒன்றாம் நிலையில் இருந்து மூன்றாம் நிலைக்குத் தாவக் கூடாது. மூன்றாம் நிலையின் எழுத்தளவு அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் தெரிவு செய்பவர்கள் உண்டு. அளவை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம், நிலை பொருளைப் பொறுத்தது.

கவிதைத் தொகுப்பு என்றால் ஒவ்வொரு கவிதையும் முதல் நிலைத் தலைப்பு. தலைப்பில்லாக் கவிதைகளுக்கு முதல் அடியையே பொருளடக்கத்துக்கு உரிய பெயராக வைப்பதை நான் விரும்புகிறேன். எண்ணை மட்டும் இட்டால் வாசகருக்கு எந்தக் கவிதை எது என்று நினைவில் நிற்காது.

மலர்களில்தான் சிக்கல் கூடுதல். ஆசியுரை, வாழ்த்துரை, தலைவரின் செய்தி, செயலாளரின் செய்தி, மலராசிரியர் உரை என்று முன்பகுதியே நீளும். ஒவ்வொரு வாழ்த்துரையையும் முதல் நிலையில் வைத்தால் பொருளடக்கத்தின் தொடக்கம் முழுவதும் வாழ்த்துக்களாலேயே நிரம்பி, கட்டுரைகள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். "வாழ்த்துச் செய்திகள்" என்று ஒரு முதல் நிலைத் தலைப்பை இட்டு, ஒவ்வொருவரின் செய்தியையும் அதற்குக் கீழே இரண்டாம் நிலையில் வையுங்கள். யாருடைய பெயரும் விடுபடாது, வாசகரும் கட்டுரைக்குச் சுலபமாகப் போய்ச் சேர்வார்.

கல்வெட்டுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, தேவாரம் திருவாசகம், உறவுகளின் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் தனித்தனி முதல் நிலைத் தலைப்புகள். வம்சாவளியைப் பொருளடக்கத்தில் இருந்து ஒரே தொடுகையில் எடுக்கக்கூடியதாக வையுங்கள். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.

பழைய ஏடுகளில் பத்தி பிரிப்பு இல்லை, சொற்களுக்கு இடையில் இடைவெளி இல்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அந்த ஏடுகளில் இருந்து நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்தபோது, எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வகுப்பதும் அவருடைய பதிப்பு வேலையாகவே இருந்தது. பிரிப்பது பதிப்பாளரின் பொறுப்பு. நீங்களே உங்கள் மின்னூலை ஆக்கும்போது அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வருகிறது.

பாமினியில் இருந்தால் முதலில் மாற்றுங்கள்

இலங்கையில் இன்னும் ஏராளமான கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் கணினி உள்ளே சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் மின்னூல் திறந்தால் தமிழ் இருக்காது, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே இருக்கும். பொருளடக்கத்துக்கு நிலைமை இன்னும் மோசம். எழுத்துருவை மின்னூலுக்குள்ளேயே பொதித்து வைத்தாலும், பொருளடக்கப் பட்டியலை வாசிப்புச் செயலி தன்னுடைய எழுத்துருவில்தான் காட்டும்.

ஆகவே பாமினிக் கோப்பை முதலில், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றுங்கள். இதற்கான இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாமினியில் தட்டச்சு செய்தவர்கள் பலர் ரகரத்தின் இடத்தில் அரவுக் குறியை (ா) தட்டியிருப்பார்கள். தாளில் இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். யுனிகோடுக்கு வந்ததும் "அவர்" என்பது "அவா்" என்றும், "ஆசிரியர்" என்பது "ஆசிாியா்" என்றும் நிற்கும். கண்ணுக்குச் சற்றே கோணலாகத் தெரியும், தேடினால் அகப்படாது, வாசித்துச் சொல்லும் குரலும் தடுமாறும்.

தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள். அரவின் மேல் புள்ளி வைத்த "ா்" எல்லாவற்றையும் "ர்" ஆக்குங்கள். "ாி" என்பதை "ரி" ஆக்குங்கள். "ாீ" என்பதை "ரீ" ஆக்குங்கள். இந்த மூன்று சேர்க்கைகளும் சரியான தமிழில் எங்கும் வராதவை. ஆகவே அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றுவதில் அச்சமில்லை. "ஒளவையார்" என்று ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருப்பதையும் "ஔவையார்" என்று ஒரே எழுத்தாகத் திருத்திக்கொள்ளுங்கள். இது ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. "ஒளி", "ஒளிவு" போன்ற சொற்களில் அது சரியாகவே இருக்கும்.

தலைப்புப் பாணியை இடுதல்

நான் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் வேலை செய்கிறேன். இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும், வேர்ட் கோப்புகளையும் திறக்கும். ஆகவே படிகளை அதில் சொல்கிறேன், வேர்ட் பாவிப்பவர்களுக்கு உரியதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கோப்பின் பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமித்துவிட்டு அதில் வேலை செய்யுங்கள். எஃப்11 விசையை அழுத்தினால் பாணிகளின் பட்டியல் பக்கத்தில் திறக்கும். அதில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று வரிசையாக இருப்பவைதான் நாம் தேடும் தலைப்புக் குறிகள். முதல் அத்தியாயத் தலைப்பில் சுட்டியை வைத்து, கன்ட்ரோல் விசையோடு 1 ஐ அழுத்துங்கள். அந்தப் பத்தி ஹெடிங் 1 ஆகிவிட்டது. கன்ட்ரோலோடு 2 அழுத்தினால் ஹெடிங் 2. தவறான பத்திக்கு இட்டுவிட்டால் கன்ட்ரோலோடு பூச்சியத்தை அழுத்துங்கள், சாதாரணப் பத்தியாகத் திரும்பிவிடும்.

பாணி இட்ட பிறகும் பழைய தடிப்பும் பழைய அளவும் விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்பு கையால் செய்த அலங்காரம் பாணிக்கு மேலே படிந்திருப்பதே காரணம். தலைப்பு வரி முழுவதையும் தெரிவு செய்து கன்ட்ரோலோடு எம் விசையை அழுத்துங்கள், அந்தப் படிவு நீங்கும். ஆனால் முழுக் கோப்பையும் தெரிவு செய்து இதைச் செய்ய வேண்டாம். உடலில் வேண்டுமென்றே சாய்த்து எழுதிய சொற்கள், தடிப்பாக்கிய சொற்கள் எல்லாம் சேர்ந்து போய்விடும். தலைப்புகளில் மட்டும் செய்யுங்கள்.

அத்தியாயங்கள் அதிகம் உள்ள நாவல் என்றால் ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியதில்லை. தேடி மாற்றும் பெட்டியில், மற்றைய தெரிவுகளுக்குள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டு, தேடும் இடத்தில் "^அத்தியாயம்" என்று எழுதி, அனைத்தையும் கண்டுபிடிக்கும் பொத்தானை அழுத்துங்கள். முன்னால் இருக்கும் கூரைக்குறி "பத்தியின் தொடக்கத்தில் வந்தால் மட்டும்" என்று பொருள்படும். ஆகவே உரையாடலின் நடுவே யாராவது "என் வாழ்க்கையில் புதிய அத்தியாயம்" என்று பேசியிருந்தால் அது அகப்படாது. எல்லாத் தலைப்புகளும் ஒரே நேரத்தில் தெரிவாகி நிற்கும். பெட்டியை மூடி, கன்ட்ரோலோடு 1 அழுத்தினால் அத்தனையும் ஹெடிங் 1.

"அத்தியாயம் 7" என்று ஒரு வரியிலும் அத்தியாயத்தின் பெயரை அடுத்த வரியிலும் எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. இரண்டையும் தனித்தனிப் பத்தியாக வைத்து இரண்டுக்கும் ஹெடிங் 1 இட்டால் பொருளடக்கத்தில் ஒரே அத்தியாயம் இரண்டு தடவை வரும். புதிய பக்கத் தொடக்கமும் இருந்தால், எண் ஒரு திரையிலும் பெயர் அடுத்த திரையிலுமாகப் பிரிந்து நிற்கும். இரண்டையும் ஒரே பத்திக்குள் கொண்டுவர வேண்டும். எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, என்டருக்குப் பதிலாக ஷிப்டோடு என்டரை அழுத்துங்கள். வரி முறியும், பத்தி முறியாது. அந்த இடைவெளியை விடாவிட்டால் பொருளடக்கத்தில் எண்ணும் பெயரும் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. என்னைக் கேட்டால் "7. கிடுகு வேலி" என்று ஒரே வரியில் எழுதிவிடுவதே கைப்பேசித் திரைக்கு நல்லது.

புத்தகத்தின் பெயருக்கு ஹெடிங் 1 இட வேண்டாம். அதற்கென்று டைட்டில் என்ற பாணி இருக்கிறது.

பாணியின் தோற்றத்தை ஒரே இடத்தில் மாற்றுதல்

ஹெடிங் 1 இன் தோற்றம் பிடிக்கவில்லையென்றால் தலைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். பாணிப் பட்டியலில் ஹெடிங் 1 மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, திருத்தும் பெட்டியைத் திறங்கள். இங்கே செய்யும் மாற்றம் புத்தகம் முழுவதும் உள்ள எல்லா அத்தியாயத் தலைப்புகளுக்கும் போகும்.

எழுத்துரு பற்றிய பகுதியில் தமிழ் எழுதுபவர்கள் பலர் குழம்பிப் போவார்கள். அளவைப் பெரிதாக்குவார்கள், தமிழ்த் தலைப்பு அசையாது. காரணம் எளிது. ரைட்டர் ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ் போன்ற சிக்கலான வரிவடிவங்களுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியே வைத்திருக்கிறது. நீங்கள் மாற்றியது ஆங்கிலத்துக்கு உரியது. அதே பெட்டியில் கொம்ப்ளெக்ஸ் அல்லது சிடிஎல் என்று எழுதிய பகுதிக்குப் போய், அங்கே எழுத்துருவையும் அளவையும் மாற்றுங்கள். அங்கேயே மொழியைத் தமிழ் என்றும் தெரிவு செய்யுங்கள். அந்தப் பகுதி தென்படவில்லையென்றால் டூல்ஸ் பட்டியலில் ஓப்ஷன்ஸுக்குப் போய், மொழி அமைப்பில் கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கிவிட்டுத் திரும்ப வாருங்கள். வேர்டிலும் எழுத்துருப் பெட்டியில் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனிப் பகுதி உண்டு.

அடுத்தது புதிய பக்கத் தொடக்கம். அதே திருத்தும் பெட்டியில் டெக்ஸ்ட் ஃப்ளோ என்ற தாவலில் பிரேக்ஸ் என்ற இடத்தில் இன்சர்ட் என்பதை இயக்கி, வகை பக்கம் என்றும் இடம் முன்னால் என்றும் தெரிவு செய்யுங்கள். இனி ஹெடிங் 1 வரும் இடமெல்லாம் தானாகவே புதிய பக்கம். தலைப்புக்கு மேலே தட்டியிருந்த வெற்று வரிகளை எல்லாம் இரக்கமில்லாமல் அழித்துவிடுங்கள். தலைப்புக்கு மேலும் கீழும் காற்றோட்டம் வேண்டுமென்றால் அதையும் இதே பெட்டியில் பத்தி இடைவெளியாகக் கொடுக்கலாம்.

வேர்டில் இதே வேலைக்கு ஹோம் தாவலில் உள்ள ஹெடிங் 1 போதும். கன்ட்ரோலோடும் ஆல்ட்டோடும் 1 அழுத்தினாலும் சரி. பழைய அலங்காரத்தை நீக்க, தலைப்பைத் தெரிவு செய்து கன்ட்ரோலோடு இடைவெளி விசையையும், பிறகு கன்ட்ரோலோடு கியூ விசையையும் அழுத்துங்கள். பக்கத் தொடக்கத்துக்கு, பாணியைத் திருத்தும்போது பத்தி அமைப்பில் பேஜ் பிரேக் பிஃபோர் என்ற கட்டத்தை நிரப்புங்கள். கைப்பேசியில் கூகுள் டாக்ஸில் எழுதுபவர்களும் அங்குள்ள ஹெடிங் 1 ஐத்தான் இட வேண்டும். கணினியில் திறந்தால் அது நேராகவே ஈபப் கோப்பாகத் தரவிறக்கித் தரும்.

அத்தியாயத்துக்குள் வரும் இடைவெளி

காலம் மாறும்போதும் இடம் மாறும்போதும் கதையில் ஓர் இடைவெளி விடுவோம். அதை வெற்று வரியாக விட வேண்டாம். மின்னூலாக மாறும்போது வெற்று வரிகள் காணாமல் போகலாம், திரை முடியும் இடத்தில் வந்தால் இருந்தும் தெரியாது. நடுவில் மூன்று நட்சத்திரக் குறிகளை இடுங்கள். அதற்குத் தலைப்புப் பாணி கொடுக்காதீர்கள். கொடுத்தால் பொருளடக்கம் முழுவதும் நட்சத்திரமாகிவிடும்.

கையால் எழுதிய பொருளடக்கத்தையும் எடுத்துவிடுங்கள். புள்ளி புள்ளியாகத் தட்டி, இறுதியில் பக்க எண் போட்ட அந்தப் பட்டியல் அச்சுக்குத்தான். மின்னூலில் பக்கம் என்பது வாசகரின் திரையையும் அவர் வைத்திருக்கும் எழுத்தளவையும் பொறுத்து மாறும். 43 ஆம் பக்கம் என்று எழுதினால் அது யாருக்கும் 43 ஆம் பக்கமாக இருக்காது.

இப்போது எஃப்5 விசையை அழுத்துங்கள். நேவிகேட்டர் என்ற சாளரம் திறக்கும். அதில் ஹெடிங்ஸ் என்பதை விரித்தால் நீங்கள் இட்ட தலைப்புகள் நிலைவாரியாக வரிசையில் நிற்கும். இந்தப் பட்டியலைத் தொடக்கத்தில் எழுதிய தாளோடு வைத்து ஒப்பிடுங்கள். நடுவே வெறுமையான ஒரு வரி தெரிந்தால், எங்கோ ஒரு வெற்றுப் பத்தி தலைப்புப் பாணியில் கிடக்கிறது. அதன் மீது இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால் அந்த இடத்துக்கே கொண்டுபோகும், அழித்துவிடுங்கள். ஒரு முழுப் பத்தி பட்டியலில் நின்றால், தவறுதலாக உடல் பத்திக்குத் தலைப்புப் பாணி போயிருக்கிறது. நேவிகேட்டரில் பட்டியல் சரியாக வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். வேர்டில் இதற்கு வியூ தாவலில் நேவிகேஷன் பேன் இருக்கிறது.

மின்னூலாக மாற்றுதல்

ரைட்டரே 2018 இல் வந்த 6.0 பதிப்பில் இருந்து ஈபப் கோப்பை ஏற்றுமதி செய்து தருகிறது. ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் அஸ் என்பதற்குள் ஈபப் ஏற்றுமதியைத் தெரிவு செய்தால் ஒரு பெட்டி வரும். அதில் பிரிக்கும் முறை என்ற இடத்தில் பக்க முறிவு, தலைப்பு என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். தலைப்பையே தெரிவு செய்யுங்கள். அட்டைப் படம், நூலின் பெயர், ஆசிரியர் பெயர், மொழி, திகதி எல்லாவற்றையும் அங்கேயே நிரப்புங்கள். மொழியை நிரப்பாமல் விடாதீர்கள். வாசித்துச் சொல்லும் மென்பொருள் தமிழ்க் குரலைத் தெரிவு செய்ய அது உதவும்.

பாகம், அத்தியாயம் என்று இரண்டு நிலைகள் உள்ள பெரிய நூலுக்கு மின்னூல்களை மாற்றித் தரும் காலிபர் மென்பொருளையே நான் விரும்புகிறேன். அதுவும் இலவசம். ரைட்டரில் கோப்பை வேர்டின் டாக்எக்ஸ் வடிவில் சேமித்து, காலிபரில் சேர்த்து, ஈபப்பாக மாற்றச் சொல்லுங்கள். டாக்எக்ஸ் கோப்பில் உள்ள ஹெடிங் பாணிகளைப் பார்த்து அது பொருளடக்கத்தைத் தானே அமைக்கும்.

ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி கோப்பை நேரடியாகக் கொடுத்தால் தமிழ் நூல்களுக்கு ஒரு தடை வரும். காலிபரின் மாற்றும் பெட்டியில் ஸ்ட்ரக்சர் டிடெக்ஷன் என்ற பகுதி இருக்கிறது. அங்கே இயல்பாக எழுதியிருக்கும் விதி, தலைப்புக் குறியோடு சாப்டர், புக், செக்ஷன், பார்ட் போன்ற ஆங்கிலச் சொற்களும் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. "அத்தியாயம்" என்றும் "படலம்" என்றும் எழுதிய தலைப்புகள் அந்தச் சல்லடையில் நிற்காமல் விழுந்துவிடும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் பொருளடக்கம் வரவில்லையே என்று தவிப்பவர்களின் சிக்கல் பலவேளை இதுதான். விதியின் பக்கத்தில் உள்ள மந்திரக்கோல் படத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் குறியாக எச்1 (ஹெடிங் 1 க்கு மின்னூலுக்குள் உள்ள பெயர்) என்பதை மட்டும் தெரிவு செய்து, மற்ற இடங்களை வெறுமையாக விடுங்கள். பிறகு டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் பகுதிக்குப் போய், முதல் நிலைக்கு எச்1 ஐயும் இரண்டாம் நிலைக்கு எச்2 ஐயும் இதே முறையில் கொடுங்கள்.

மாற்றிய பிறகும் பொருளடக்கத்தில் ஏதாவது பிசகு இருந்தால் காலிபரிலேயே எடிட் புக் என்பதைத் திறந்து திருத்தலாம். ஆனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் நாளைக்கே "இந்தப் பந்தியை மாற்ற வேண்டும்" என்று வருவார். நீங்கள் மூலக் கோப்பைத் திருத்தி மீண்டும் மாற்றுவீர்கள். ஈபப்புக்குள் கையால் செய்த திருத்தங்கள் எல்லாம் அப்போது போய்விடும். பிழை தெரிந்தால் மூலக் கோப்பிலேயே திருத்துங்கள்.

கைப்பேசியில் பார்த்த பிறகே கொடுங்கள்

கணினித் திரையில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். வாசகர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் படிப்பார். கோப்பை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பி, ஏதாவது வாசிப்புச் செயலியில் திறந்து, பொருளடக்கத்தை எடுங்கள். முதல் அத்தியாயம், நடுவில் ஒன்று, கடைசி அத்தியாயம் மூன்றையும் தொட்டுச் சரியான இடத்துக்குப் போகின்றனவா என்று பாருங்கள். எழுத்தளவை மிகப் பெரிதாக்கி, ஒவ்வொரு அத்தியாயமும் புதிய திரையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். வயதானவர்கள் அந்த அளவில்தான் படிப்பார்கள். படம் இருந்தால் அது உரிய பத்தியோடு நிற்கிறதா என்றும் கவனியுங்கள். படத்தை எழுத்தோடு எழுத்தாக நங்கூரமிட்டிருந்தால் அது இடம் மாறாது.

அன்ட்ரொய்ட் கைப்பேசியில் திரையை வாசித்துச் சொல்லும் டோக்பேக் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் அத்தியாயத்தில் இருந்து அடுத்ததற்குப் போய்ப் பாருங்கள். பார்வையற்ற ஒருவர் இந்தப் புத்தகத்தை எப்படிக் கையாள்வார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தலைப்பு எங்கே தடக்குகிறதோ அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மூலக் கோப்புக்குத் திரும்புங்கள்.

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை தாளை வருடி எடுத்த பக்கப் படங்கள். பழைய நூலைக் காப்பாற்ற அதுவே வழி. ஆனால் இன்று கணினியில் எழுதிய ஒரு நூலைப் பக்கப் படமாக மட்டும் விட்டுச்செல்ல எந்தக் காரணமும் இல்லை. அச்சகத்துக்குக் கொடுத்த பிடிஎஃப்போடு, பாணி இட்ட மூலக் கோப்பையும் ஈபப்பையும் ஒரே உறையில் வைத்து, நூலின் பெயரையும் திகதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, வீட்டுக் கணினியில் ஒன்று, வெளியே வேறோர் இடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதிகள் வையுங்கள். அடுத்த பதிப்புக்கு அந்த மூலக் கோப்பில் இருந்தே தொடங்கலாம். தலைப்புகளை மீண்டும் குறிக்க வேண்டி இராது.